பிள்ளைகளின் குரலும் ஓர் அமானிதமே

 

கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளுள் சிலர் அதன் பாத்திரங்களைப் போலவே பேசிக் காட்டுவதுண்டு. அவர்களுள் ஒருவர், "அனிமேஷன் படத்திற்கு நானும் குரல் கொடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் பெற்றோர் பலர் முகம் சுளிக்கின்றனர். வீண் வேலை, சினிமா மோகம் என்று தள்ளிவிடுகின்றனர். அந்த ஆர்வத்தைத் தொடக்கத்திலேயே அணைத்துவிடுவது நம் சமுதாயத்திற்கே இழப்பாகும் என்பது என் கருத்து.

1992இல் வெளியான டிஸ்னியின் 'அலாதீன்' படத்தை எடுத்துக்கொள்வோம். கதை நிகழ்வது அரபு நகரம் போன்றதொரு கற்பனை நகரில். நாயகனும் நாயகியும் அமெரிக்கரைப் போலப் பேசுகின்றனர். முரட்டுக் காவலர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மட்டும் அரபியரின் உச்சரிப்பு! அப்படிப் பேசுபவர் கெட்டவர் என்ற பாடம் எவரும் சொல்லாமலே குழந்தையின் காதில் இறங்கிவிடுகிறது. அரபு மண்ணைக் கொடுமை நிறைந்ததாகக் காட்டிய பாடல் வரியை அமெரிக்க அரபியர் எதிர்த்ததனால், 1993இல் வீடியோவாக வெளிவந்தபோது அவ்வரி மாற்றப்பட்டது. உச்சரிப்புகளோ அப்படியே நின்றன. எதிர்ப்பினால் ஒரு வரியை மாற்ற இயலும். குரல்கள் மாறவேண்டுமாயின் ஒலிவாங்கியின் முன் நம்மவர் நிற்கவேண்டும். 'வாப்பா', 'உம்மா' என்று அழைக்கும் நம் வீட்டுத் தமிழைக் கார்ட்டூன்களில் கேட்பது எவ்வளவு அரிது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அதே படத்தில் அலாதீனுக்குப் பேசிய ஸ்காட் வைங்கர், தம் குரல் மாதிரியை வீட்டிலேயே பதிவுசெய்து அனுப்பினார். அதில் பூதத்தின் வசனங்களைப் பேசியவர் அவருடைய தாயார்! பிள்ளையின் முயற்சியில் பெற்றோர் உடன் அமர்வது எவ்வளவு பெரிய துணை!

இப்பயிற்சிக்குப் பெரும்பொருள் தேவையில்லை. தஜ்வீத் கற்ற பிள்ளைக்கு எழுத்துப் பிறக்கும் இடமும் மூச்சை நிறுத்தும் இடமும் முன்பே பழகியவை. ல, ள, ழ பிறழாமல் நாள்தோறும் உரக்கப் படிக்கச் செய்யலாம். துணிகள் நிறைந்த அலமாரியின் அருகே கைப்பேசியில் பதிவுசெய்தால் எதிரொலி குறையும். பிளெண்டர் அமைப்பினர் 2010இல் வெளியிட்ட 'சின்டெல்' குறும்படத்தை, ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் மாற்றிப் பயன்படுத்தலாம். சற்று வளர்ந்த பிள்ளைகள் அதற்குத் தமிழ் வசனம் எழுதிப் பேசிப் பழகலாம்.

எனினும் குரல் ஓர் அமானிதம். பூதத்திற்குக் குரல் தந்த ராபின் வில்லியம்ஸ், பொருள் விற்பனைக்குத் தம் குரலைப் பயன்படுத்தலாகாது என்று கேட்டிருந்தார். அது மீறப்பட்டதாகக் கூறி, 1994இல் வந்த இரண்டாம் பாகத்திற்குப் பேச மறுத்தார். புகழ்பெற்றவருக்கே அந்நிலை என்றால், பதிவான குரலைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு புதுப்பேச்சையே உருவாக்கும் இக்காலத்தில் புதியவர்கள் எவ்வளவு விழிப்போடிருக்க வேண்டும்! தம் குரல் எதற்குப் பயன்படும் என்பதை எழுத்தில் பெறாமல் ஒப்புக்கொள்ளலாகாது. மார்க்கத்தையோ பிற மக்களையோ இழிவுசெய்யும் வசனமாயின், எவ்வளவு ஊதியம் தந்தாலும் மறுத்துவிட வேண்டும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவோம். கேட்பதற்கு முன்பே மறுத்துவிட வேண்டாம்.

பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். எனினும் அவற்றை முழங்கும் பணியை, குரல்வளம் கருதி, பிலால் (ரலி) அவர்களுக்கே நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். பாங்கின் சிறப்பு வேறு, படத்தின் நிலை வேறு. ஆயினும் குரலும் இறைவன் தந்த தகுதி என்பதையும், அதை அடையாளம் கண்டு பொறுப்பளிப்பது பெரியோர் கடமை என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

நம் பிள்ளைகளின் நாவை நன்மைக்கே பயன்படுத்த வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.