எடைக்குப் போகும் இசைத்தட்டுகள்

வீட்டைக் காலி செய்து ஊர் மாறும்போதும், பெற்றோர் மறைந்தபின் பரணை ஒழிக்கும்போதும் நம்மவர் இல்லங்களிலிருந்து முதலில் வெளியேறுவது எது? பித்தளைக் குத்துவிளக்கு அன்று. அது எத்தனை மாற்றல் உத்தரவு வந்தாலும் உடன் வரும். வார இதழ்களிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதைகள்கூடப் பெரும்பாலும் தப்பிவிடும். ஏழு அங்குல இசைத்தட்டுகளே முதலில் போகின்றன. ஏறத்தாழ நாற்பது கிராம் எடையுள்ள அக்கரிய தட்டைக் கபாடிக்காரர் பழைய செய்தித்தாளோடும் உடைந்த வாளியோடும் சேர்த்துக் கணக்குத் தீர்க்கிறார். விற்றவர் சொல்லும் சமாதானம் ஒன்றே: "எல்லாப் பாட்டும் கைப்பேசியில் இருக்கிறதே!"

இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் இருப்பது பாட்டு. தட்டில் இருப்பது பாட்டும் அதன் பிறப்புச் சான்றும். தட்டின் நடுவே பதிந்த வட்டத் தாளைப் படித்துப் பாருங்கள். பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர், பாட்டு எழுதியவர் பெயர், நிறுவனம், வரிசை எண், பல தட்டுகளில் முதல் வெளியீட்டு ஆண்டு ஆகிய இத்தனையும் அங்கே உண்டு. பாட்டு முடிந்தபின் உட்புறத்தில் வெறுமையாக விடப்பட்ட வளையத்தில் தொழிற்சாலையின் அச்சு எண் கீறப்பட்டிருக்கும். உறையின் முதுகில், அதை விற்ற கடையின் முத்திரை இருந்தாலும் இருக்கும். கைப்பேசியிலோ பாடியவருக்குப் பதில் திரையில் வாயசைத்தவர் பெயர் நிற்கிறது. கவிஞர் பெயர் பல இடங்களில் காணாமலே போய்விடுகிறது. எழுதியவன் பெயரை அழித்துவிட்டு எழுத்தை மட்டும் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டுவது எந்த ஊர் நியாயம்?

சான்று இல்லாத இடத்தில் கதை முளைக்கும். நம் சங்க மேடைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்கும் கதை ஒன்றுண்டு: எடிசன், மாக்ஸ் முல்லரை அழைத்து ரிக் வேதத்தின் முதற் சூக்தத்தை ஓதச் செய்தார், உலகில் முதன்முதலாகப் பதிவான குரல் அதுவே, எச்.எம்.வி. நிறுவனமே அதை வெளியிட்டது என்று. கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் எடிசன் 1877-இல் தம் தகரத்தாள் கருவியைச் சோதித்தபோது தாமே ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டைத்தான் ஒப்பித்தார். அது உருளை, தட்டு அன்று. தட்டையான இசைத்தட்டு எமில் பெர்லினர் என்பவரின் ஆக்கம்; அவர் அதற்கு உரிமம் கோரியது 1887-இல். ஒலிப்பெருக்கிக் குழலின்முன் நாய் அமர்ந்திருக்கும் ஓவியத்தைக் கிராமபோன் கம்பெனி வாங்கியது 1899-இல். அந்தப் படத்தின் பெயரே பிற்பாடு எச்.எம்.வி. ஆயிற்று. இல்லாத நிறுவனம் எப்படித் தட்டு வெளியிட்டது? வேதத்தின் பெருமைக்கு இந்தப் பொய் தேவையில்லை.

மெய்யான கதைகளுக்கா பஞ்சம்? 1902-இல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது தட்டிலேயே கேட்கும். ஜெர்மனியில் தட்டு அச்சிட்டவர்கள் யார் குரல் என்று அறிவதற்காக அவ்வாறு சொல்லச் செய்தனர் என்பர். பின்னர் தொழிற்சாலை கல்கத்தாவிலேயே அமைந்தது. 1920களின் இறுதியில் டம்டம்முக்கு மாறியது. சென்னையில் பாடிய தமிழ்ப் பாட்டு, டம்டம்மில் வங்கத் தொழிலாளர் கையால் தட்டாக உருப்பெற்று, மீண்டும் இரயிலேறித் தெற்கே வந்தது. இதற்குத் தமிழர்களிலேயே நம்மைப் போன்றவர்தாம் பொருள் உணரவேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து உருப்பெற்றவை நாம் மட்டுமல்ல, நம் பாட்டுகளும்தாம்.

இனி, ஒற்றைத் தட்டு என்னும் சிறு தட்டின் செய்திக்கு வருவோம். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949-இல் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டைக் கொணர்ந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. நம் நாட்டில் திரைப்பாடல்கள் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக வந்தன. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டாக வந்தவற்றில் ஆங்கிலப் பாப் பாட்டுகள் மிகுதி. அந்தச் சிறு தட்டுகளில் ஒன்றை நம் மலர்கள் இதுவரை கண்ணெடுத்தும் பாராதது நமக்குப் பொறுக்கவில்லை. 1947-இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பெண், காஞ்சிபுரம் பட்டுடுத்திப் பொட்டு வைத்துக்கொண்டு, சென்னை மவுண்ட் ரோடு விடுதியிலும், கல்கத்தா பார்க் தெருவின் டிரிங்காஸ் விடுதியிலும் மேலைநாட்டுப் பாட்டுகளைப் பாடினார். 1960களின் இறுதியில் அவர் குரலில் 'ஜம்பலாயா', 'கிரீன்பேக் டாலர்' ஆகிய இரண்டும் பதிவாயின. (ஜம்பலாயா என்பது லூயிசியானா மாநிலத்து ஒருவகைச் சோறு; நம் வீட்டுக் கலந்த சாதத்துக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம்.) அந்நாளில் தட்டுகளில் அச்சான பெயர் உஷா ஐயர். இன்று நாடு அவரை உஷா உதுப் என்று அறியும். 2024-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார்.

"இரவு விடுதியில் பாடிய ஆங்கிலப் பாட்டுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக் கூடும். கேட்கட்டும். விருது அறிவிப்பு வந்த அன்று "நம்ம பொண்ணு" என்று உறவு கொண்டாடிய வாய்கள் எத்தனை! அந்த உறவுக்கு ஆவணம் எது? 'உஷா ஐயர்' என்று அச்சிட்ட அந்த வட்டத் தாளைவிடத் தெளிவான ஆவணம் வேறுண்டா? புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வளர்ந்ததன் விளைவு அந்தக் குரல். கச்சேரித் தட்டு மட்டுமே பண்பாடு, மற்றவை குப்பை என்று பிரிப்பவர்கள், தம் சொந்த வாழ்வில் பாதியைக் குப்பையில் போடுகிறார்கள்.

'சுராங்கனி'யின் கதையும் இத்தகையதே. நம் திருமண வீடுகளில், வடநாட்டு விருந்தினரும் சேர்ந்து ஆடும் அப்பாட்டை ஒருவர் நாட்டுப்பாடல் என்பார். ஒருவர் சினிமாப் பாட்டு என்பார். இலங்கைக் கடற்கரையில் போர்த்துகீசியரும் ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற தாளத்தில் வளர்ந்த பைலா அது. சிங்களமும் தமிழும் கைகோத்துவர, தமிழ்நாடெங்கும் அதைப் பாடிப் பரப்பியவர் சிலோன் மனோகரன். 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் அது இடம்பெற்றது. அதன்பின் படத்தின் பெயர் நின்றது, மனோகரன் பெயர் தேய்ந்தது. 2018-இல் அவர் சென்னையில் மறைந்தபோது, யார் இவர் என்று இளையவர்கள் கேட்டார்கள். அவர் பெயர் பொறித்த தட்டு ஒன்று வீட்டில் இருந்திருந்தால் அக்கேள்வி எழுந்திராது.

தட்டு சேர்ப்போர் மீதும் நமக்கு வழக்கு உண்டு. வைனில் மீண்டும் நாகரிகமாகிவிட்டது. உறை கசங்காத தட்டுக்கு ஒரு விலை, முதல் அச்சுக்கு ஒரு விலை என்று பேரம் நடக்கிறது. வாங்கியவர் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துச் சுவரில் மாட்டுகிறார். சிலர் தட்டிலேயே முள் பொருத்திக் கடிகாரமாக்கி விற்கிறார்கள், நேரம் காட்டுகிறதாம்! கேட்காமலும் கேட்க விடாமலும் பூட்டி வைப்பவருக்கும் எடைக்குப் போடுபவருக்கும் நாம் பெரிய வேற்றுமை காணவில்லை. 1990-இல் பம்பாயில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் வேறு வழி காட்டிற்று. அதைச் சார்ந்தோர் தட்டின் எண்களைப் பட்டியலிட்டார்கள், எழுதினார்கள், கூடிக் கேட்டார்கள். அவர்கள் பெரும்பணக்காரர்களாய் இருந்து அதைச் செய்யவில்லை.

"அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் எங்கே வைப்பது?" என்பது அடுத்த முறையீடு. நூறு சிறு தட்டுகள் ஒரு முழ நீளத்தைக்கூட நிரப்பா. பொன்னாடைகளை அடுக்கி வைக்க இடம் கண்ட வீட்டில் இதற்கா இடமில்லை?

நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு நாம் வைக்கும் கோரிக்கை பெரிதன்று. ஆண்டுவிழாப் பொன்னாடைச் செலவில் பாதியைக் கொண்டு நல்ல ஊசியுடைய தட்டு இயக்கி ஒன்று வாங்குக. மாதத்தில் ஒரு ஞாயிறு உறுப்பினர்கள் தட்டுகளைக் கொண்டுவரட்டும். பதிவேடு ஒன்றில் நடுத்தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுக: பெயர்கள், எண், ஆண்டு, உள்வளையத்தில் கீறிய எழுத்து, எந்த ஊரில் எப்போது யார் வாங்கியது என்னும் விவரம். வாங்கியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதவேண்டிய பத்தி அந்தக் கடைசிப் பத்தி. அதற்கு எண்பது வயது கடந்தோர் வீடுகளிலிருந்து தொடங்குவது நலம். தட்டைக் கொடுத்துவிடும்படி யாரையும் வற்புறுத்த வேண்டா. எழுதிக்கொண்டு திருப்பித் தரலாம். வைத்துக்கொள்ள விரும்பாதவர் தருவதற்குச் சங்க நூலகத்தில் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டு போதும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைக்கவேண்டும். மே மாத வெயில் விழும் சன்னலோரம் மட்டும் கூடாது.