படத்துக்குக் கீழே இரண்டு வரி

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேரும் மாணவருக்கு முதலில் சொல்லித்தருவது கேமராவை. அபர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, ஃபிரேமில் ஆளை எங்கே நிறுத்துவது, எதிர்வெயிலை எப்படிச் சமாளிப்பது என்று பாடம் நீளும். படக்குறிப்பு எழுதுவது கடைசியில், நேரம் மிஞ்சினால், போகிற போக்கில் வரும். செய்திப் புகைப்படத்துக்கு இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. யார், எங்கே, என்றைக்கு, என்ன நடந்தது, இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்பதை இரண்டு வரியில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிறகே கேமராவைக் கொடுக்க வேண்டும். எந்த ஊர் மாணவருக்கும் இது பொருந்தும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து மாணவருக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

காரணம் அந்த மண்ணிலேயே இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூரின் முக்கியமான நிகழ்ச்சிகள் மதில்களுக்கு உள்ளேதான் நடக்கின்றன. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று தொடங்கி, இன்று தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று பட்டியல் வளர்ந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் எந்த கேட்டுக்குள்ளும் கேமரா போகாது. 2024 செப்டம்பர் 28 அன்று டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தபோது வெளியுலகம் பார்த்தது பெரும்பாலும் வானில் எழுந்த புகையைத்தான். ஆகவே மாணவருக்குக் கிடைப்பதெல்லாம் விளிம்புகள்: ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ், விடுதி வாசல், டீக்கடை, சாலையோரம் காத்திருக்கும் கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண் அஞ்செட்டிக்காரரா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவரா? நிரந்தர ஊழியரா, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரா? எட்டு மணி நேரம் உழைத்த களைப்பா, பன்னிரண்டு மணி நேரக் களைப்பா? இதில் ஒன்றைக்கூட லென்ஸ் சொல்லாது. செய்தி முழுவதும் கேட்டு எழுத வேண்டிய பகுதியில்தான் இருக்கிறது.

அதற்குமேல் கர்நாடக எல்லை வேறு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, தமிழும் கன்னடமும் தெலுங்கும் இரண்டு பக்கமும் புழங்குகின்றன, சாலை ஒன்றே. 2023இல் பத்து வார இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகளை எடுத்துக்கொள்வோம். ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு இருந்த கட்டடம் வெடித்துச் சிதறி 9 பேர் இறந்தார்கள். அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்து 14க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டாவது விபத்து நடந்தது கர்நாடகத்தில். இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளி நேர வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். கல்லூரி மாணவர்களும் அதில் உண்டு. கருகிய கட்டடத்தின் படத்தில் மாநிலம் தெரியாது. ஆனால் உரிமம் கொடுத்தது யார், ஆய்வு செய்திருக்க வேண்டியது யார், வழக்கு எந்த போலீஸிடம் என்ற கேள்விகள் அத்தனைக்கும் அந்த ஓர் ஊர்ப்பெயர்தான் வாசல். ‘ஓசூர் அருகே’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பொறுப்பு எல்லை தாண்டிவிடுகிறது. பழையபேட்டையிலோ இன்னொரு சிக்கல். வெடித்தது பட்டாசா, பக்கத்து உணவகத்தின் எரிவாயு சிலிண்டரா என்று அரசியல் சர்ச்சையே எழுந்தது. அன்று மதியம் இடிபாட்டைப் படம் எடுத்தவர் ‘பட்டாசு வெடித்ததால்’ என்று எழுதினாலும், ‘சிலிண்டர் வெடித்ததால்’ என்று எழுதினாலும், தான் பார்க்காததை எழுதுகிறார். எங்கே நிறுத்திக்கொள்வது என்று தெரிவதும் படக்குறிப்புப் பாடத்தில் அடக்கம்.

அதே ஆண்டு மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. பிகார் அரசு இங்கே ஒரு குழுவை அனுப்பும் அளவுக்குப் போயிற்று. அன்றைய டிஜிபி சைலேந்திரபாபு அவை பொய்யென்று விளக்க வேண்டிவந்தது. அந்தத் துண்டுகளில் பல நிஜமான சம்பவங்களே. வேறு ஊரில், வேறு ஆட்களிடையே, வேறு காரணத்துக்கு நடந்தவை. காட்சி நிஜம், குறிப்பு பொய். வடமாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் ஒரு தொழில்பகுதியில் இதன் விபரீதத்தை விளக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் கோப்புக்குள் இருக்கும் நாள், நேரம், இட விவரங்கள் கழன்றுவிடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். டாக்குமெண்டாக அனுப்பினால் தங்கும். முதல் வாரமே கற்றுக்கொடுக்க வேண்டிய சங்கதி இது.

தொழில்நகரம் ஒன்று தவறான குறிப்பால் பாதிக்கப்பட்ட கதை ஐரோப்பாவிலும் உண்டு. 2015இல் இத்தாலியப் புகைப்படக்காரர் ஜொவானி ட்ரோய்லோ, நிலக்கரியும் உருக்கும் நலிந்துபோன பெல்ஜிய நகரமான ஷார்லருவாவைப் பற்றிய படத்தொடருக்கு வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் பரிசு பெற்றார். எங்கள் ஊரைத் திரித்துக் காட்டுகிறார் என்று அந்நகர மேயர் முறையிட்டார். சில படங்கள் ஏற்பாடு செய்து எடுத்தவை என்ற புகாரின் பேரில் பரிசு போகவில்லை. ஷார்லருவாவில் எடுத்ததாகச் சொன்ன ஒரு படம் உண்மையில் பிரஸ்ஸல்ஸின் மோலன்பேக் பகுதியில் எடுத்தது என்று தெரிந்தபோதுதான் பறித்தார்கள். ஒளியும் ஃபிரேமும் காப்பாற்றவில்லை. ஓர் ஊர்ப்பெயர் கவிழ்த்தது.

நல்ல படம் தானே பேசும், வார்த்தை எதற்கு என்பார்கள். இந்த வாதத்துக்கு வழக்கமாகக் காட்டும் சாட்சி டோரதியா லேங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’. மகத்தான படம்தான். ஆனால் லேங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவர் பெயர் 1978இல்தான் வெளியே வந்தது. அவர் செரோக்கி பழங்குடிப் பெண் என்பது 42 ஆண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று லேங் பின்னாளில் எழுதியதைக் குடும்பம் மறுத்தது. படம் பேசியது உண்மை. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசவில்லை.

தொழில்நுட்பம் தெரியாமல் என்ன படம் எடுப்பது என்பது நியாயமான கேள்வி. விடியற்கால ஷிப்டுக்கு ஓடும் ஆட்களை மங்கிய வெளிச்சத்தில் பிடிக்க ஷட்டரும் ஐஎஸ்ஓவும் தெரியத்தான் வேண்டும். ஆனால் அது சில வாரப் பயிற்சி. பாதியைப் போனே செய்துவிடுகிறது. இதை நிர்வாகங்களும் கவனித்தன. சிகாகோ சன்-டைம்ஸ் 2013இல் தன் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, நிருபர்களை ஐபோனில் எடுக்கச் சொன்னது. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், கிளிக் செய்வது மட்டும்தான் இந்த வேலை என்று வைத்துக்கொண்டால் அந்த நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல முடியாது. குறிப்பை டெஸ்க் பார்த்துக்கொள்ளும் என்பதும் செல்லாது. சேலத்திலோ சென்னையிலோ உட்கார்ந்திருப்பவருக்கு ஜூஜூவாடி எது, அத்திப்பள்ளி எது என்று படத்தைப் பார்த்துத் தெரியுமா?

எனக்குக் கடினமாகப் படும் எதிர்வாதம் வேறு. பெயரும் ஊரும் எழுதினால் அந்தத் தொழிலாளியின் வேலை போகும். ஒப்பந்தத் தொழிலாளி விஷயத்தில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. செய்திப் புகைப்படத்தின் முன்னோடிகளில் ஒருவரான லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். வேறு ஆள்போல் நடித்துக்கூட உள்ளே போனார். தன் சட்டைப் பித்தான்களை வைத்துப் பிள்ளைகளின் உயரத்தை அளந்து, பாக்கெட்டுக்குள்ளேயே குறித்துக்கொண்டார். தென் கரோலினா நூற்பாலைச் சிறுமி ஒருத்தியின் உயரம் 48 அங்குலம், வேலைக்கு வந்து அரையாண்டு என்பதுவரை அவர் குறிப்பில் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. இன்று இங்கே அந்தப் பெயரை அச்சிட்டால் குற்றம். சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் குறித்துக்கொள்வது வேறு, அச்சிடுவது வேறு. நோட்டில் எல்லாம் இருக்க வேண்டும். பத்திரிகையில் எது போகும் என்பதைப் படத்தில் இருப்பவரிடம் கேட்டும் சட்டத்தைப் பார்த்தும் ஆசிரியருடன் உட்கார்ந்து முடிவு செய்யலாம். நோட்டே காலியாக இருப்பவருக்கு மறைக்கவும் ஒன்றும் இல்லை, வழக்கு வந்தால் காட்டவும் ஒன்றும் இல்லை. கல்லூரிகள் செய்ய வேண்டியது சிறிய மாற்றம்தான். செய்முறைத் தேர்வில் பத்துப் படங்கள் கேட்கிறார்கள் என்றால் பாதி மதிப்பெண்ணைக் குறிப்புகளுக்கு ஒதுக்கலாம். அந்தக் குறிப்புகளில் இரண்டை இன்னொரு மாணவரிடம் கொடுத்து, அதே இடத்துக்குப் போய் விசாரித்து வரச் சொல்லலாம். ஓசூரில் அதற்கு ஒரு டவுன் பஸ் டிக்கெட் போதும்.