யூ இல்லாத க்யூ

'க்யூ வந்தால் பின்னாலேயே யூ வரும்.' ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நாளிலேயே நாம் உருப்போட்ட விதி இது. குயின், குயிக், கொஸ்டின் என்று எதை எடுத்தாலும் அவ்விரண்டும் கைகோத்துக்கொண்டே வருகின்றன. ஆனால் பெரிய அகராதி ஒன்றில் க்யூவுக்குரிய பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினால், யூவின் துணையின்றித் துணிந்து நிற்கும் சில சொற்கள் கண்ணில் படும். வகுப்பில் இவற்றுக்கு விதிவிலக்கு என்று பெயர். பெயர் வைத்ததோடு நகர்ந்துவிடுகிறோம்.

ஸ்கிராபிள் ஆடும் தோழியருக்கு மட்டும் இச்சொற்கள் மீது தனிப் பாசம். அவ்விளையாட்டில் க்யூ ஒரே ஒரு கட்டைதான். அதற்குப் பத்துப் புள்ளி. யூ கிடைக்காமல் க்யூவை வைத்துக்கொண்டு விழிப்பவளுக்கு, க்யூவும் ஐயும் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் ஒன்று பெரும் வரம். அமெரிக்க ஆட்டப் பட்டியலில் அது 2006-ஆம் ஆண்டு இடம் பெற்றது. அதன் பொருளைக் கேட்டால் பலரும் தோளைக் குலுக்குகிறார்கள். பொருள் தெரியாத சொல்லை அறிந்திருப்பதும் பூட்டிய பெட்டியைச் சுமப்பதும் ஒன்றே என்பேன்.

முதலில் அந்த விதியின் வயதைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் 'குயின்' என்ற சொல்லைக் க்யூ போட்டு எழுதவில்லை. ஸியும் வ ஒலிக்குரிய எழுத்தும் சேர்த்து 'க்வேன்' என்று எழுதினர். பெண், மனைவி என்பது பொருள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் லத்தீன் வழக்கப்படி க்யூவையும் யூவையும் இணைத்து எழுதலாயினர். ஆக, விதி என்று நாம் வணங்குவது ஒரு காலத்து எழுத்தர்களின் கைப்பழக்கமே.

க்யூவோ அதைவிடப் பன்மடங்கு பழையது. ஃபினீசியரிடம் பிறந்து, கிரேக்கர் வழியாக ரோமரிடம் வந்தது. எபிரேய மொழியில் அதன் உடன்பிறப்பு 'கோஃப்', பத்தொன்பதாம் எழுத்து. எபிரேய அகரவரிசைப்படி அமைந்த 119-ஆம் திருப்பாடலில், 145 முதல் 152 வரையுள்ள எட்டு வசனங்களும் மூலத்தில் இந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. மொழிபெயர்ப்பில் படிக்கும் நமக்கு அது புலப்படுவதில்லை.

அரபு மொழியில் இதே எழுத்து 'காஃப்'. உள்நாக்கு அருகே, தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் அழுத்தமான க ஒலி அது. அவ்வொலியை நம் வாயிலுள்ள சாதாரணக் ககரத்தினின்று பிரித்துக் காட்டவே அரபுச் சொற்களை எழுதும்போது க்யூவைப் பயன்படுத்துகிறார்கள். ஏமன் நாட்டார் மென்று சுவைக்கும் 'காட்' என்னும் இலையும், இஸ்லாமிய நீதிபதியைக் குறிக்கும் 'காதி'யும் அப்படி வந்தவை. 'கனாத்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. மலையடிவாரத்தில் ஆழமான தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து மெல்லச் சரியும் சுரங்கம் வெட்டி, இறைக்கும் கருவி எதுவுமின்றி வறண்ட சமவெளிக்கு நீரைக் கொண்டு வரும் ஈரானியரின் நிலத்தடி வாய்க்கால் அது. வெயிலில் நீர் ஆவியாகாது. மண்ணை வெளியேற்றவும் காற்று புகவும் வழிநெடுகக் குழிகள் உண்டு. இத்தகைய பதினொரு கனாத்துகளை 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எத்தனை மனிதரின் உழைப்பு அந்த ஐந்து எழுத்துகளுக்குள்! அதைப் புள்ளிக் கணக்கில் முடித்துவிடலாமா?

இந்த அரபுக் காஃப் நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது. சாரணியர் முகாமுக்குப் போகிறோம். சான்றிதழுக்கு நகல் எடுக்கிறோம். கடையில் பாக்கிச் சில்லறை கேட்கிறோம். முகாம், நகல், பாக்கி மூன்றும் காஃப் உள்ள அரபுச் சொற்களே. கிஸ்தி, தாலுக்கா, கசாப்பு ஆகியனவும் அப்படியே. பாரசீகம், உருது வழியாக வந்து, தொண்டை ஒலியை வழியிலேயே விட்டுவிட்டு, நம் ககரத்தை உடுத்திக்கொண்டன. ஆங்கிலம் அவற்றின் இனத்தாருக்குத் தனி எழுத்து கொடுத்தது. தமிழ் தன் எழுத்துக்குள்ளேயே இடம் கொடுத்தது. எது சிறந்த விருந்தோம்பல் என்று பட்டிமன்றமே நடத்தலாம்.

ஸ்கிராபிள் ஆடுவோரின் இரண்டெழுத்துச் செல்வத்தையும் மறந்துவிடவில்லை. அது சீனச் சொல். 'ச்சீ' என்பதுபோல் ஒலிக்கும். (நாம் முகஞ்சுளித்துச் சொல்லும் சீ அன்று!) காற்று, மூச்சு, உயிராற்றல் என்பன அதன் பொருள். சீனாவில் 1958-இல் ஏற்கப்பட்ட ரோமன் எழுத்துமுறை இந்தச் சகர ஒலிக்குக் க்யூவை ஒதுக்கியது.

கனடாவின் வடகோடிக்குப் போவோம். கஸ்தூரி எருதின் முரட்டு முடிக்கு அடியில் வளரும் மிக மெல்லிய கம்பளிக்கு அங்குள்ள இனுவிட் மக்கள் இட்ட பெயர் 'கிவியூட்'. அரபுக்கும் அவர்கள் மொழிக்கும் எவ்வித உறவும் இல்லை. எனினும் அதே தொண்டைக் ககரம் அங்கும் உண்டு. அதற்கும் க்யூதான், யூ இல்லாமல். அம்மக்களின் ஊர் ஒன்றை, 1576-இல் அங்கு வந்த ஆங்கில மாலுமி ஃப்ரோபிஷரின் பெயரால் வெள்ளையர் அழைத்து வந்தனர். 1987-இல் அது தன் சொந்தப் பெயரான 'இக்காலுயிட்' என்பதைத் திரும்பப் பெற்றது. 'மீன்கள் மிகுந்த இடம்' என்பது பொருள். 1999 முதல் அது நூனவுட் பிரதேசத்தின் தலைநகர். ஆயினும் 2009-இல் கனடியப் பிரதமர் அலுவலக அறிக்கையிலேயே அப்பெயரின் க்யூவுக்குப் பின்னால் ஒரு யூ நுழைந்துவிட்டது. அந்த ஒற்றை எழுத்தால் மீன்கள் மறைந்து, குளிக்காத குழந்தையைத் தாய் கடிந்துகொள்ளும் தரத்தில் வேறொரு பொருள் வந்து நின்றது. அதை இம்மலரில் அச்சிட எனக்குத் துணிவில்லை.

சிரிப்புக்கிடமானதுதான். ஆனால் அவ்வூரார் சிரித்திருப்பார்களா? பல ஆண்டுகளுக்குப் பின் மீண்ட பெயரை, பள்ளியில் படித்த ஒரு விதி தட்டிப் பறித்தது. நம் பெயர்களையும் பிறர் தம் வசதிக்கேற்ப வளைப்பதுண்டு. அப்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பதை நாமறிவோம்.

ஆகவே தோழியரே, வகுப்புப் பலகையில் 'இன்றைய சொல்' எழுதும் முறை வரும்போது, பொருளின் அருகே அது எந்த ஊர்ச் சொல் என்பதையும் எழுதுங்கள். பலகையில் அரை வரி இடம் போதும். க்வாண்டாஸ் என்று எழுத நினைப்பவள் மட்டும் சற்றே நிற்க: அது எந்த மொழிச் சொல்லும் அன்று. 1920-இல் ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்தில் தொடங்கிய விமான நிறுவனத்தின் நீண்ட பெயரிலுள்ள முதலெழுத்துகளின் சேர்க்கை அது.