அந்த 200 ரூபா எதில் சேரும்?



நவம்பர் 7ஆம் திகதி வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டதில் இருந்து எல்லார் வாயிலும் 1750தான். 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1350இல் இருந்து 1550 ஆகும், அதற்கு மேல் அரசாங்கம் நாளுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தரும் என்பது யோசனை. டவுனில் ஆட்டோக்காரத் தம்பி, "இனி ஒங்க ஆளுங்களுக்கு என்னா கொறை டீச்சர்?" என்கிறார். பஸ்ஸில் இன்னொருவர், "நாங்க கட்டுற வரியில கம்பனிக்காரன் ஆளுக்குச் சம்பளமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறார். பிரட்டுக்களத்தில் நிற்கும் நமக்கோ இன்னும் எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

பஸ்ஸில் கேட்டவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். அவர் கேள்வியில் பாதி சரி. வேலை வாங்குபவர்தான் சம்பளம் தரவேண்டும். நாமும் அதைத்தானே இத்தனை வருடமாகக் கேட்கிறோம்? 1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கையேற்ற கம்பனிகள், 'கட்டுப்படியாகாது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு 1000 ரூபாவை 2021 வரை இழுத்தன. சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் போட்ட பிறகுதான் அதுவும் வந்தது. 2024இல் 1700 என்று வர்த்தமானி வந்தபோது நீதிமன்றம் போனார்கள். கடைசியில் அடிப்படைச் சம்பளமாக நின்றது 1350.

ஆனால் "நாங்க கட்டுற வரி" என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நம் அம்மாமார் கடையில் வாங்கும் சவர்க்காரத்தின் விலைக்குள்ளும் 18 வீத வற் வரி இருக்கிறது. 1948இல் குடியுரிமையைப் பறித்து, மிச்சம்மீதிப் பேரை 2003 வரை காக்கவைத்த நாடு இது. வரி கட்டுபவர் வேறு, கொழுந்து பறிப்பவர் வேறு என்று இன்னும் நினைக்கிறார்கள்.

இனி நம் பக்கத்துக் கேள்வி. வருகைக் கொடுப்பனவு நமக்குப் புதிதல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா என்று மேடையில் சொன்னார்களே, அதை உடைத்துப் பாருங்கள். அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வராவிட்டால் அந்த 60 இல்லை. 25 நாள் வேலையில் ஒரு கிழமை முழுக்கப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நின்ற தாய்க்கு, வந்த 18 நாளுக்கும் சேர்த்தே வெட்டு. பிறகு 2019இல் அடிப்படை 700 ஆனது. வருகைக் காசும் உற்பத்திக் காசும் காணாமல் போயின. விலைப்பங்கு 50ஐச் சேர்த்தால் 750. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து, ரோட்டில் உட்கார்ந்து, 20 ரூபா!

அதனால்தான் கேட்கிறோம், 'வருகை' என்றால் எது? காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால் வருகையா? 18 கிலோ சேராமல் அரைப்பேர் போட்டால் 100 ரூபாவா, ஒன்றுமே இல்லையா? மலை காடாய்க் கிடக்கிறது. உரம் போட்டு எத்தனை மாதம் என்று கங்காணிக்கே நினைவில்லை. அந்த மலையில் 18 கிலோ எங்கிருந்து வரும்? கிழமைக்கு நாலு நாள்தான் வேலை என்று தோட்டமே வீட்டுக்கு அனுப்பினால், மற்ற நாட்கள் யார் கணக்கில்? செக்ரோல் கம்பனியின் கையில், காசு அரசாங்கத்தின் கையில். குறைந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? 'கொழும்பில் இருந்து இன்னும் வரவில்லை' என்று துரை சொல்வார். 'தோட்டம் பெயர் அனுப்பவில்லை' என்று கொழும்பில் சொல்வார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது மெதுவாகக் கடிக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி போடுவது 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இந்த 200 சம்பளத்தோடு சேர்ந்தால் கம்பனி நாளுக்கு 30 ரூபா போடவேண்டும். 25 நாளைக்கு 750, வருடத்துக்கு 9000. சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாட்சம்பளம். 20 வருடம் உழைத்தவருக்கு இந்த 200க்கு மட்டும் 56,000 ரூபா. 'ஊக்குவிப்பு' என்று பெயர் வைத்து வெளியே நிறுத்திவிட்டால் இவ்வளவும் கம்பனிக்கு மிச்சம். 2016இலும் சேமலாப நிதிக்கு அந்த 500ஐ மட்டும்தான் கணக்கெடுத்தார்கள். கூடையை இறக்கிவைக்கும் நாளில்தான் பலருக்கு அது தெரியவந்தது.

200 ரூபா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரிசி, மா விலை தெரிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால், "கேள்வி கேட்டா குடுக்கிறதையும் நிப்பாட்டிருவாங்க, பேசாம இருங்க" என்று சில தலைவர்மார் சொல்கிறார்களே, நம் சங்கத்திலும் சிலர் சொல்கிறார்கள், அதைத்தான் ஏற்கமாட்டோம். 2019இலும் பேசாமல் இருக்கத்தான் சொன்னார்கள். 1750 முழுவதும் நாட்சம்பளமாக வர்த்தமானியில் வரவேண்டும். கம்பனிக்கு உதவி செய்ய அரசாங்கம் விரும்பினால் அதைத் தனியாகச் செய்யட்டும். அதுவரை, எந்த நிபந்தனையானாலும் கையெழுத்துக்கு முன்பே தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டவேண்டும், வாசித்தும் காட்டவேண்டும்.

இந்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு ஆகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய நாள் எத்தனை என்று ஆளுக்கு ஆள் எழுதி எடுப்போம். எழுத்துத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிவாருங்கள். கூட்டல் கழித்தலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.