மாத்திரையும் கூலியும்

மலேரியாக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போனதற்குத் தோட்டக் கூலிகள்தான் காரணமாம். காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை எறிந்துவிடுகிறார்களாம். படித்தவர்கள் இப்படிப் பேசக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரை மருந்துக்குத் தப்பிய கிருமி கொசுவேறி அடுத்தவனிடம் போகிறது, மெய்தான். ஆனால் அரை மருந்தை ஊர் ஊராக ஊட்டியவர்கள் யார்? 1960-களின் தொடக்கத்தில் கம்போடியாவின் பைலின் வட்டாரத்தில் குளோரோகுயினைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்தார்கள். குழம்பில் உப்பு எவ்வளவோ, உடம்பில் மருந்தும் அவ்வளவே! அது நிபுணர்கள் போட்ட திட்டம். எந்தக் கூலியும் கேட்டு வாங்கியதல்ல.

நம் நாட்டில் அந்த மருந்துக்கு மசியாத கிருமி முதலில் தென்பட்டது 1973-இல், அஸ்ஸாமின் கார்பி மலைப் பகுதியில். பின்னால் வந்த மருந்தும் வடகிழக்கில் தோற்கவே, 2013-இல் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபாண்ட்ரின் வந்தது. பெரியவர்களுக்கு மூன்று நாளில் ஆறு வேளை, இருபத்துநான்கு மாத்திரை. கொழுப்புள்ள உணவோடு தின்றால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் தற்காலிகக் கூலிக்கு 'ஃபால்த்து' என்று பெயர்; உபரி என்று பொருள். பெயரே போதாதா? உப்புத் தேநீரும் ரொட்டியுமாய்க் கொழுந்து கிள்ளப் போகிறவளிடம் பாலோடு சாப்பிடு என்பது எந்த ஊர் வைத்தியம்? படுத்தால் அன்றைய கூலி போயிற்று. மூன்று நாள் கூலியையும் ஒரு செம்புப் பாலையும் முதலில் அவள் கையில் கொடுங்கள். பிறகு மாத்திரையை எண்ணிப் பாருங்கள்.