ஆட மறுப்பது நடுநிலை ஆகாது

விளையாட்டின் சமூக வரலாற்றை எழுதும் நம்மில் பெரும்பாலோர் அணியின் பெயர்ப்பட்டியலையே படிக்கிறோம். யார் சேர்க்கப்பட்டார், யார் விலக்கப்பட்டார், முதல் கறுப்பின வீரர் எந்த ஆண்டு வந்தார், முதல் பெண் எப்போது அனுமதிக்கப்பட்டார் என்பவையே நமது வழக்கமான கேள்விகள். 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குள் நுழைந்ததைப் பற்றி மட்டும் ஓர் அலமாரி நிறைய நூல்கள் உள்ளன. ஆனால் பெயர்ப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே எப்போதும் இன்னொரு தாள் கிடக்கிறது. யார் யாரோடு ஆடுவது என்பதைச் சொல்லும் ஆட்ட அட்டவணை அது. நிர்வாகக் காகிதம் என்று கருதி அதை நாம் புரட்டுவதில்லை. அமெரிக்கச் சிறார் பேஸ்பாலைப் பொறுத்தவரை, விலக்கலின் வரலாறு பெயர்ப்பட்டியலில் இருப்பதைவிட அந்த அட்டவணையில்தான் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது என்பது என் கருத்து.

பேஸ்பால் அறியாத நண்பர்களுக்காகச் சில அடிப்படைச் செய்திகள். 1939இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர்களுக்கென மூன்று அணிகளைக் கொண்டு ஒரு லீக்கைத் தொடங்கினார். பெரியவர்களின் ஆடுகளத்தில் தளங்களுக்கிடையே 90 அடி தூரம்; அவர் அதைச் சிறுவர்களின் கால்களுக்கேற்ப 60 அடியாகக் குறைத்தார். உள்ளூர்க் கடைகளும் ஆலைகளும் செலவை ஏற்றன. இதுவே ‘லிட்டில் லீக்’ என்ற பெரும் அமைப்பாக வளர்ந்தது. இதன் கட்டமைப்பில் கவனிக்க வேண்டியது அதன் எல்லைக்கோடு. ஒவ்வொரு லீக்குக்கும் வரைபடத்தில் குறித்த ஒரு நிலப்பகுதி உண்டு. அதற்குள் வசிக்கும் அல்லது அங்குள்ள பள்ளியில் படிக்கும் சிறுவர்கள் மட்டுமே பொதுவாக அந்த லீக்கின் அணிகளில் ஆடலாம். பருவம் முழுவதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தமக்குள் ஆடுவார்கள். பருவம் முடிந்ததும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி ஒரு நட்சத்திர அணி அமைக்கப்படும். அது பக்கத்து லீக்கின் நட்சத்திர அணியைச் சந்திக்கும். வென்றால் அடுத்த சுற்று, பின்னர் மாநிலம், வட்டாரம், இறுதியில் வில்லியம்ஸ்போர்ட். ஆக இந்தக் கட்டமைப்பு முழுவதும், பக்கத்து லீக் மைதானத்துக்கு வந்து நிற்கும் என்ற ஒரே எதிர்பார்ப்பின்மேல் எழுப்பப்பட்டது.

1955ஆம் ஆண்டின் கோடையில் தென் கரோலினாவில் அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது.

சார்ல்ஸ்டன் நகரின் கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. ஆதரவில் கறுப்பினச் சிறுவர்களுக்கான ஒரு லீக் முறைப்படி லிட்டில் லீக்கின் அங்கீகாரம் பெற்று இயங்கிவந்தது. அவ்வாண்டு அது தன் நட்சத்திர அணியைத் தொடர்போட்டிக்குப் பதிவு செய்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஓராண்டு ஆகியிருந்தது. தென் மாநிலங்களின் வெள்ளையர் சமூகம் அத்தீர்ப்பை எவ்வழியில் முறியடிப்பது என்று வழி தேடிக்கொண்டிருந்தது. சார்ல்ஸ்டன் நகரப் போட்டியில் கேனன் தெரு அணியை எதிர்கொள்ள எவரும் வரவில்லை. அடுத்து மாநிலப் போட்டி. கறுப்பின அணியை ஒதுக்கிவிட்டு நடத்த வேண்டும் என்று மாநில லிட்டில் லீக்கின் பொறுப்பாளர் தலைமையகத்தைக் கேட்டார், தலைமையகம் மறுத்தது. உடனே மாநிலத்தின் 61 வெள்ளையர் லீக்குகளும் விலகிக்கொண்டன. விலகியவர்கள் தமக்கென ஒரு தனி அமைப்பையும் உண்டாக்கினர். பிற்காலத்தில் ‘டிக்சி யூத் பேஸ்பால்’ என்ற பெயரில் தென் மாநிலங்கள் நெடுகப் பரவிய அமைப்பின் தொடக்கம் இதுவே.

பேஸ்பாலில் ஆடாத ஆட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு. எதிரணி வராவிட்டால் ஒன்பது சுற்றுகள் கொண்ட தொழில்முறை ஆட்டத்தில் 9–0 என்றும், ஆறு சுற்றுகள் கொண்ட லிட்டில் லீக் ஆட்டத்தில் 6–0 என்றும் பதிவாகும். நாம் வாக் ஓவர் என்கிறோமே, அதுதான். இந்த வழியில் கேனன் தெருச் சிறுவர்கள் ஒரு பந்தும் வீசாமல் மாநில வாகையர் ஆயினர். அடுத்தது ஜார்ஜியாவின் ரோம் நகரில் நடக்கவிருந்த வட்டாரப் போட்டி. அங்கேதான் தலைமையகம் அவர்களை நிறுத்தியது. களத்தில் ஆடி வென்ற அணியே முன்னேறத் தகுதியுடையது, எதிரணி வராததால் வென்ற அணிக்கு அத்தகுதி இல்லை என்பது அது காட்டிய விதி. ஆறுதலாக, வில்லியம்ஸ்போர்ட்டில் நடைபெறும் உலகத் தொடரைக் காண அவர்கள் விருந்தினராக அழைக்கப்பட்டனர். சிறுவர்கள் பேருந்தில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்தனர். ஆட்டத்துக்கு முன் களத்தில் இறங்கிச் சிறிது பயிற்சி செய்ய அனுமதி கிடைத்தது. அவர்கள் பந்து பிடிப்பதைக் கண்ட பார்வையாளர்கள், இவர்களை ஆட விடுங்கள் என்று முழக்கமிட்டதாக அச்சிறுவர்களே வளர்ந்தபின் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பிறகு அவர்கள் மேலேறி இருக்கைகளில் அமர்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தனர். அவர்கள் ஊர் திரும்பிய அதே ஆகஸ்ட் இறுதி நாள்களில்தான் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டான்.

தலைமையகத்தின் நிலைப்பாட்டை எளிதில் புறந்தள்ள நான் விரும்பவில்லை. தென் கரோலினாவின் நெருக்குதலுக்கு அது பணியவில்லை. பிரிவினைப் போட்டிக்கு ஒப்புதல் தர மறுத்ததால் ஒரு மாநிலம் முழுவதையும் இழந்தது. ஒரு வாகையர் களத்தில் வென்றிருக்க வேண்டும் என்ற விதியிலும் நியாயம் உண்டு. பக்கத்து லீக்கை எதிர்கொள்ளாமலேயே ஓர் அணி இறுதிவரை செல்வதை எந்த விளையாட்டமைப்பும் விரும்பாது. இருந்தும் அந்த விதி அவ்வாண்டு செய்த வேலை என்ன? முன்னேறும் உரிமையின் சாவியை எதிரணியின் கையில் அது கொடுத்துவிட்டது. உன்னோடு ஆட முடியாது என்று நான் சொன்னால் நான் தோற்றவனாகிறேன். ஆனால் நீயும் வென்றவனாக மாட்டாய். அப்படியானால் மறுப்பதற்கு நான் கொடுக்கும் விலை, ஏற்கெனவே நான் துறக்கத் தயாராக இருக்கும் ஒரு கோப்பை மட்டுமே. நீ கொடுக்கும் விலையோ உன் கோடை முழுவதும். ஒருவர் மறுக்க, மற்றவர் அதன் தண்டனையைச் சுமக்கும் விதியை நடுநிலையானது என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே 1955இல் ஃபுளோரிடாவில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கலாம். பென்சகோலா ஜேசீஸ் என்ற கறுப்பினச் சிறுவர் அணியோடும் அதன் வட்டாரத்து வெள்ளையர் அணிகள் ஆட மறுத்தன. அந்த அணியும் வாக் ஓவர் வழியாகவே மாநிலப் போட்டிக்கு வந்தது. ஆகஸ்ட் 9 அன்று ஆர்லாண்டோவில் அதன் எதிரே நின்றது ஆர்லாண்டோ கிவானிஸ் என்ற வெள்ளையர் அணி. எதிர்ப்புகள் இருந்தும் அவ்வணி ஆடுவதென முடிவெடுத்தது. ஆட்டம் நடந்தது, ஆர்லாண்டோ 5–0 என வென்றது. தென் மாநிலங்களில் இரு இனச் சிறுவர் அணிகளும் மோதிய முதல் லிட்டில் லீக் ஆட்டமாக இது நினைவுகூரப்படுகிறது. பென்சகோலாச் சிறுவர்கள் தோற்று ஊர் திரும்பினர். தோற்கவேனும் அவர்களுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். 6–0 என்று ‘வென்ற’ கேனன் தெருவையும் 5–0 என்று தோற்ற பென்சகோலாவையும் ஒப்பிட்டால், இரண்டில் எந்த மதிப்பெண் அவமதிப்பு என்பது விளங்கும். இரு அணிகளின் பெயர்ப்பட்டியலும் ஒரே தன்மையானது. வேறுபாட்டை உண்டாக்கியது, எதிர்ப்பக்கத்தில் ஓர் அணி வந்து நின்றதா இல்லையா என்பதுதான்.

நம் நாட்டுக் கிரிக்கெட் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இங்கே பல்வங்கர் பாலுவின் நினைவு வரக்கூடும். புணேயின் இந்துக் கிளப் ஒரு தலித் பந்துவீச்சாளரைச் சேர்த்துக்கொண்டதற்குச் சீர்திருத்த உணர்வைவிட, ஐரோப்பியர் கிளப்பை எதிர்த்து ஆடி வெல்ல வேண்டும் என்ற தேவையே பெரிய காரணம். அட்டவணை பெயர்ப்பட்டியலை மாற்றியது. ஆனால் அணிக்குள் வந்த பின்னரும் அவருக்குத் தேநீர் கூடாரத்துக்கு வெளியே தனி மண்கோப்பையில்தான் வந்தது. பெயர்ப்பட்டியலில் இடம் கிடைப்பது ஒன்று, சமமானவராக எதிர்கொள்ளப்படுவது வேறொன்று என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை. (தலித் வரலாற்றையும் கறுப்பின வரலாற்றையும் அவசரமாக ஒப்பிடும் கட்டுரைகள் ஏற்கெனவே போதிய அளவு வந்துவிட்டன, நான் இதற்குமேல் செல்லவில்லை.)

எல்லைக்கோட்டின் கதை 1955உடன் முடிவதும் இல்லை. 2014இல் சிகாகோவின் தென்பகுதியைச் சேர்ந்த ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் என்ற கறுப்பினச் சிறுவர் அணி அமெரிக்க வாகையர் பட்டத்தை வென்றது. 2015 பிப்ரவரியில் அப்பட்டம் பறிக்கப்பட்டது. பக்கத்து லீக்குகளுக்குரிய பகுதிகளையும் தன் வரைபடத்துக்குள் இழுத்து, எல்லைக்கு வெளியே வசித்த சிறுவர்களை ஆடவைத்தது என்பது குற்றச்சாட்டு. புகாரின் தொடக்கம் ஒரு பக்கத்து லீக்கிலிருந்துதான். பெரியவர்கள் செய்த தவறு அது, விதியும் தெளிவானது. தீர்ப்பு அநீதி என்று வாதிட நான் வரவில்லை. என் வியப்பு வேறு. எல்லையை மீறிய லீக்கைத் தண்டிக்க இந்த அமைப்பிடம் உறுதியான விதி இருக்கிறது. எல்லைக்கு அப்பால் இருப்பவரை எதிர்கொள்ள மறுத்த லீக்குகளின் முன், 1955இல் அதனிடம் எதுவும் இருக்கவில்லை. அவர்கள் தாமாகவே வெளியேறினார்கள், அவ்வளவுதான். அமெரிக்க நகரங்களில் குடியிருப்புகள் நிறத்தின்படி பிரிக்கப்பட்ட வரலாற்றை அறிந்தவர்கள், அந்த நிலத்தின்மேல் வரையப்படும் லீக் எல்லை எதை மரபாகப் பெறும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தம் தெருப் பிள்ளைகளோடு மட்டும் ஆடும் வரை ஒரு லீக் அந்தப் பிரிவினையை உணர வேண்டிய தேவையே எழாது. பக்கத்து லீக்கோடு ஆடும் நாளில்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

இன்றைய நிலையில் இந்த ஆட்டங்கள் முன்னைவிட மிகுதியாகியுள்ளன. காரணம் இலட்சியம் அன்று, ஆள்பற்றாக்குறை. பணம் செலுத்தி ஊர் ஊராகச் சென்று ஆடும் தனியார் அணிகள் திறமையும் வசதியும் உள்ள பிள்ளைகளை இழுத்துக்கொள்வதால், பல உள்ளூர் லீக்குகளில் ஒரு வயதுப் பிரிவுக்கு நான்கு அணிகள்கூடச் சேர்வதில்லை. எனவே அவை பருவ ஆட்டங்களையே பக்கத்து லீக்குகளோடு இணைந்து நடத்துகின்றன. இங்கே எழும் சச்சரவுகள் அற்பமானவையாகத் தோன்றும்: யார் மைதானம், யார் நடுவர், எந்த உள்ளூர் விதி. ஆனால் ஒரு விதியைப் பாருங்கள். 11, 12 வயதுப் பந்துவீச்சாளர் ஒரே நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது. வீசிய எண்ணிக்கைக்கேற்ப அடுத்த ஆட்டத்துக்கு முன் ஓய்வுநாள்கள் கட்டாயம். பிள்ளையின் தோளையும் முழங்கையையும் காக்க வந்த விதி இது. சொந்த லீக்குக்குள் என்றால் எண்ணிக்கை ஒரே ஏட்டில் இருக்கும். பக்கத்து லீக்கோடு ஆடும்போதோ, அந்தச் சிறுவன் மூன்று நாள்களுக்கு முன் எத்தனை பந்து வீசினான் என்பதற்கு அவர்களது ஏட்டைத்தான் நம்ப வேண்டும். முன்பின் அறியாத ஒரு பெற்றோர் பென்சிலால் குறித்த எண்ணை நம்பி ஆட்டம் தொடங்குகிறது. குடிமைப் பண்பு, சமூக மூலதனம் என்றெல்லாம் நாம் கருத்தரங்குகளில் பேசுவது, அநேகமாக இந்த அளவிலும் இந்த வடிவிலும்தான் நடைமுறையில் இருக்கிறது.

2002இல் லிட்டில் லீக் அமைப்பு, நடுவயதைக் கடந்துவிட்ட கேனன் தெரு ஆட்டக்காரர்களை மீண்டும் வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்து, 1955ஆம் ஆண்டின் தென் கரோலினா வாகையர் என்ற கொடியை வழங்கியது. நல்ல செயல்தான். ஆனால் அந்தக் கொடி எதை ஈடுசெய்ய முயல்கிறது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கோப்பை அவர்களுக்கு முன்பே, ஆடாமலேயே, வந்துவிட்டது. அவர்கள் இழந்தது ரோம் நகரில் ஒரு பிற்பகலை, தோற்றிருக்கவும் கூடிய ஒரு பிற்பகலை.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டும் சமூக விலக்கலும் குறித்துக் களப்பணி செய்பவர்கள் வீரர்களை நேர்காண்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மாவட்ட விளையாட்டு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பழைய ஆட்ட அட்டவணைகள் கட்டுகட்டாகக் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். எந்த இரு பள்ளிகள், எந்த இரு ஊர்கள் ஒருபோதும் ஒன்றையொன்று எதிர்கொள்ளவில்லை என்று பாருங்கள். அடித்துத் திருத்தப்பட்ட வரிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாக் ஓவர் என்று எழுதியிருக்கும் இடத்தில், வராத அணியிடம் சென்று ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பேருந்து கிடைக்கவில்லை என்பார்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும்.