குழாய் இல்லாத முனையங்கள்

கொச்சி புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனத்தின் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் உண்டு; வாயு வெளியேறப் போதிய குழாய்தான் அப்போது இல்லை. ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளமுள்ள கொச்சி–மங்களூரு குழாய் தொடங்கிவைக்கப்பட்டது 2021 ஜனவரியில்.

குழாய் தாமதமானதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கொச்சியிலிருந்து பெங்களூரு செல்லவிருந்த கெயில் நிறுவனத்தின் குழாயைக் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். வயலை விட்டு நெடுஞ்சாலையோரம் பதியுங்கள் என்றது மாநில அரசு. 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்பு எப்படியானாலும் விவசாயிகளின் கேள்வி நியாயமானது: மேலே வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது என்றால் அந்த நிலத்துக்கு என்ன விலை? முனையத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய கணக்கு இது.

சும்மா கிடந்தாலும் முனையம் செலவு வைக்கும். மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவத்துக்குள் வெளிவெப்பம் எப்படியும் கசியும், ஆவி எழும். வெளியே அனுப்பும் திரவம் தாராளமாக ஓடினால், அதோடு கலந்தே ஆவியை மறுபடி திரவமாக்கிவிடலாம். ஓட்டம் குறைந்தால் அந்த வழி அடைபடும்; ஆவியைக் குழாயின் அழுத்தத்துக்கு நேரடியாக அமுக்க வேண்டும். மின்கட்டணம் எகிறும். அதற்கும் வழியில்லையென்றால் எரித்துத் தீர்க்க வேண்டியதுதான். கப்பல் வராத நாட்களிலும் இறக்கு குழாய்கள் குளிர்ந்தே இருக்க வேண்டும்.

ஆகவே, பம்புகளையும் கம்ப்ரஸர்களையும் மாற்றுவதைவிட ஓட்டத்தைக் கூட்டுவதே முதல் சீர்திருத்தம். குஜராத்தின் தஹேஜ் முனையம் 2004இல் தொடங்கியபோது ஹசீரா–விஜய்பூர்–ஜகதீஷ்பூர் குழாயும் உர ஆலைகளும் ஏற்கெனவே காத்திருந்தன. அது வளர்ந்ததில் வியப்பில்லை. மகாராஷ்டிரத்தின் தாபோலில் வேறு குறை: அலைதடுப்புச் சுவர் முடியாமல், மழைக்காலம்தோறும் கப்பல் வரத்து நின்றுபோனது.

ஜப்பானின் செம்போகு முனையத்தில் ஒசாகா கேஸ் நிறுவனம் திரவ வாயுவின் குளிரையே விற்பனைச் சரக்காக்கியிருக்கிறது. காற்றைப் பிரித்துத் திரவ ஆக்ஸிஜன், நைட்ரஜன் எடுக்கவும் மின்சாரம் தயாரிக்கவும் அது உதவுகிறது. 2019இல் தொடங்கிய எண்ணூர் முனையத்துக்கு அருகிலேயே மணலி ஆலைகள் இருக்கின்றன, இங்கும் முயலலாம். ஆனால் குளிரை வாங்குபவருக்கு அது நாள் தவறாமல் கிடைக்க வேண்டும். தூத்துக்குடி வரையிலான குழாயையும் அதன் கிளைகளையும் நிரப்பும் வாடிக்கையாளர்களைச் சேர்க்காமல் அந்த உறுதியை எண்ணூரால் தர முடியாது.